செபிக்கிறவர்களுக்காக யார் செபிப்பது?

வியாழக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு எங்கள் கோயில் விறாந்தையில் ஏழு பேர் கூடுவோம். பாய் விரித்து, நடுவில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, பழைய கொப்பி ஒன்றைத் திறந்து வைப்போம். அந்தக் கொப்பியில் பெயர்கள் மட்டும்தான் இருக்கும். எங்கள் பங்குத்தந்தை, ஆயர், பக்கத்துப் பங்குகளில் பணி செய்யும் குருமார், கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார், அடுத்த ஊர் மெதடிஸ்த சபைப் போதகர் ஐயா, ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கும் பிள்ளைகள் என்று அது நீளும். கடைசிப் பக்கங்களில் இறந்துபோன குருமாரின் பெயர்களும் காணாமற்போனவர்களின் பெயர்களும் இருக்கின்றன. ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு செபம் சொல்லுவோம். முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பிறகு ஆளுக்கொரு பிளேன்ரீ குடித்துவிட்டு, ஆடு மாடு கட்ட நேரமாகிவிட்டதென்று எழும்பிப் போவோம்.

அண்மையில் ஒரு இளம் பிள்ளை எங்களோடு வந்து இருந்தாள். இரண்டு குழந்தைகளின் தாய். கணவன் இல்லை. கிழமைக்குக் கிழமை நுண்கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. செபம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்:

"மாமி, சுவாமிமார்தானே எங்களுக்காகச் செபிக்கோணும்? நாங்கள் ஏன் அவையளுக்குச் செபிக்கிறம்? எங்களுக்கே ஆயிரம் கரைச்சல் கிடக்கு."

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் நானும் கேட்ட கேள்விதான். அவளைப் போல வெளியில் கேட்காமல் மனதுக்குள் கேட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று அவளுக்கு இரண்டு வார்த்தையில் ஏதோ சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று பட்டது. அவளைப் போல இன்னும் பல சகோதரிகள் இருப்பீர்கள். ஆகையால் என் கதையோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் வாய் திறக்காத காலம்

எங்கள் ஊர் மன்னார் பெருநிலப்பரப்பில் இருக்கிறது. 2007இல் வீட்டைவிட்டு வெளிக்கிட்டோம். அடம்பன், வெள்ளாங்குளம், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு என்று இடம்பெயர்ந்து கடைசியில் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போனோம். இதை வாசிக்கும் உங்களில் பலர் அதே வழியால் நடந்தவர்கள். ஆகவே அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2009 மே மாதம் என் மூத்த மகன் காணாமற்போனான். மனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு 2010இல் மிச்சப் பிள்ளைகளோடு ஊர் திரும்பினேன். கூரை இல்லாத வீடும் பற்றை மூடிய வளவும்தான் மிஞ்சியிருந்தன.

மகனைத் தேடி விண்ணப்பம் எழுத வேண்டும். அவன் இன்ன பங்கைச் சேர்ந்தவன், இன்ன ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றவன் என்று பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்தால் நல்லது என்று சொன்னார்கள். அப்போதிருந்த சுவாமியிடம் போனேன். முதல் முறை அவர் இல்லை. இரண்டாம் முறை பிறகு வரச் சொன்னார். மூன்றாம் முறை போனபோது மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"உங்களுக்கு மட்டுமே அம்மா பிள்ளை காணாமப் போனது?" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. வந்த வழியே திரும்பினேன். அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அதன் பிறகும் பூசைக்குப் போனேன். போகாவிட்டால் ஊர் கதைக்கும். ஆனால் விசுவாசிகள் மன்றாட்டில் குருக்களுக்காகவும் திருச்சபைத் தலைவர்களுக்காகவும் மன்றாடச் சொல்லும்போது நான் வாய் திறக்க மாட்டேன். எல்லோரும் பதில் சொல்லுவார்கள். நான் பலிபீடத்துக்கு மேலே இருக்கும் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு கிழமை, இரு கிழமை அல்ல, ஏறத்தாழ இரண்டு வருடம் அப்படி நின்றேன்.

2012 தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கோயில் கூட்டும் முறை எங்கள் வட்டாரத்துக்கு வந்தது. நான் வெள்ளனப் போய்விட்டேன். வாளியோடு பலிபீடத்தின் பின்பக்கம் போனால், அங்கே சுவாமி நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருக்கிறார். கையில் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் ஒரு தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. பிறகு அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். நெருக்கி எழுதிய பெயர்கள். ஊரும் வயதும் சிலவற்றுக்கு இருந்தன, சிலவற்றுக்கு இல்லை.

"இது நான் பெட்டி இல்லாமல் தாட்ட ஆக்கள் அம்மா. கொஞ்சப் பேர் விட்டுப்போச்சு. இவையளின்ர பேரும் மறந்துபோகுமோ எண்டு பயமாக் கிடக்கு. இரவில நித்திரை இல்லை" என்றார்.

அவரும் வன்னிக்குள் இருந்தவர் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஷெல் விழுந்த இடங்களில் பூசை வைத்ததும், பங்கருக்குள் ஞானஸ்நானம் கொடுத்ததும் நான் அறிந்த சங்கதிதான். ஆனால் அவரும் அதைச் சுமந்துகொண்டுதான் திரும்பி வந்திருக்கிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எங்களுக்கு அழ ஒரு வீட்டு மூலையாவது இருந்தது. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தோம். அவர் யாரில் சாய்வது? அறைவீட்டில் தனி ஆள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கத்தான் வருகிறார்கள்: கடிதம், சிபாரிசு, தறப்பாள், வீட்டுத்திட்டம், பூசைக் கருத்து. "சுவாமி, நீங்கள் சாப்பிட்டியளோ?" என்று கேட்க ஒரு சீவன் இல்லை.

"எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கோ அம்மா" என்று அன்று கேட்டார். கோயிலில் நின்று என்னால் சொல்ல முடியவில்லை. வாய் இரண்டு வருடம் பழகிய பழக்கத்தை விடவில்லை. வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டும்போது சொன்னேன். பாதியில் அழுகை வந்தது. அவருக்காகத் தொடங்கிய செபம் என் மகனுக்காகவும் ஆனது.

அடுத்த கிழமை அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கடிதம் எழுதி ஆயத்தமாக வைத்திருந்தார். "அண்டைக்குச் சொன்ன சொல்லுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அந்த மாதமே மூன்று பெண்கள் சேர்ந்து இந்த வியாழக்கிழமைச் செபத்தைத் தொடங்கினோம்.

மேய்ப்பர்கள் கொடுத்த விலை

எங்கள் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் பற்றிச் சொன்னேன். அதில் உள்ள சில பெயர்களை நீங்களும் அறிவீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

1984 டிசம்பர் 13இல் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் மன்னாரில் கொல்லப்பட்டார். ஒரு மாதம் நிறையும் முன், 1985 ஜனவரி 6இல், வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1988 ஜூன் 6இல் மட்டக்களப்பில் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ சுடப்பட்டு இறந்தார். 1990 ஆகஸ்ட் 15, மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளன்று, வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசுசபைக் குரு இயுஜின் ஹெபேர்ட் வந்துசேரவில்லை. அவரோடு போன இளைஞரும் வரவில்லை. 2006 ஆகஸ்ட் 20இல் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் தன்னோடு போனவருடன் காணாமற்போனார். இயேசுசபை அகதிகள் பணியில் மன்னாருக்குப் பொறுப்பாக இருந்த அருட்தந்தை பாக்கியரஞ்சித் 2007 செப்டெம்பர் 26இல் கிளைமோரில் இறந்தார். 2008 ஏப்ரல் 20, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருட்தந்தை கருணாரட்ணமும் வன்னியில் கிளைமோரில்தான் இறந்தார். 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் பற்றி இன்றுவரை பதில் இல்லை. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அதிபராக இருந்தவர் அவர். அதே நாளில், சனங்களோடு வெளியேறி வந்த இளம் குரு சரத்ஜீவனின் இருதயம் நின்றுபோனது.

இவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். ஜெயராஜசிங்கம் போதகரின் வீட்டில் ஒரு விதவை மிஞ்சினார். ஆகையால் இந்தப் பெயர்களை வாசிக்கும்போது குருமாரை மட்டும் நினைக்க எங்களால் முடிவதில்லை. அவர்களைப் பெற்றவர்களையும் நினைக்கிறோம். காணாமற்போனவரின் தாய் என்ற வரிசையில் அந்த அம்மாக்களும் எங்களோடு நிற்கிறார்கள்.

தப்பி இருந்தவர்களின் சுமையும் இலேசானதல்ல. 2008 ஏப்ரல் 3இல் மடுவைச் சுற்றிச் சண்டை நெருங்கியபோது, மாதாவின் சுரூபத்தை அங்கிருந்த குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். எத்தனையோ தலைமுறை காப்பாற்றிய சுரூபத்துக்குத் தங்கள் கையில் ஏதும் நடந்துவிட்டால் என்ன என்ற பயத்தோடு அவர்கள் போயிருப்பார்கள். அந்த ஆகஸ்டில் மாதா மடுவுக்குத் திரும்பினார்.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், கச்சேரிக் கணக்குகளை வைத்துக்கொண்டே, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எங்களைப் போன்ற தாய்மார் கேட்க வாய் இல்லாமல் இருந்த நேரம் அது. அந்தக் கேள்விக்காக அவர் பட்ட ஏச்சும் கொஞ்சமல்ல. 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று அவர் காலமானார். குருத்துவம் ஏற்படுத்தப்பட்டதை நாங்கள் நினைவுகூரும் அதே நாளில்.

போர் முடிந்த பின்பும் விலை கொடுப்பது முடியவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறுப் பாடசாலைப் பிள்ளைகள் பலர். அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று அங்கிருந்த போதகர்மார் எப்படித் தவித்திருப்பார்கள்! அந்த வியாழக்கிழமை நாங்கள் வேறு யாருடைய பெயரையும் வாசிக்கவில்லை.

அவர்களே கேட்கிறார்கள்

குருமாருக்காகச் செபிப்பது நாங்களாக உண்டாக்கிய பழக்கம் அல்ல. அவர்களே எங்களிடம் கேட்கிறார்கள். பெரிய கிழமையில் ஆயர் எண்ணெய்களை அர்ச்சிக்கும் பூசைக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். குருமார் எல்லோரும் தங்கள் வாக்குறுதியைப் புதுப்பித்த பின், ஆயர் சனங்களின் பக்கம் திரும்பி, இவர்களுக்காக மன்றாடுங்கள் என்பார். அடுத்ததாக, எனக்காகவும் மன்றாடுங்கள் என்று தனக்கும் கேட்பார்.

2013 மார்ச் 13இல் பாப்பரசராகத் தெரிவான பிரான்சிஸ், மாடத்தில் வந்து நின்றபோது சனங்களுக்கு ஆசீர் கொடுப்பதற்கு முன்னம் தனக்காகச் செபிக்கும்படி அவர்களைக் கேட்டுத் தலை குனிந்து நின்றார். அத்தனை ஆயிரம் சனம் இருந்த சதுக்கம் அமைதியாகிப் போனது. அவர்தான் 2015 ஜனவரி 14இல் மடுவுக்கு வந்தவர். அன்று நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன். எங்கள் மண்ணுக்கு வந்த அந்த முதியவர் 2025 ஏப்ரலில் இறக்கும்வரை, போன இடமெல்லாம் தனக்காகச் செபிக்க மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

புனித பவுலும் சிறையில் இருந்து எபேசு சபைக்கு எழுதும்போது தனக்காக மன்றாடச் சொல்லுகிறார். அவர் கேட்டது விடுதலையை அல்ல. பயப்படாமல் பேச வேண்டியதைப் பேசும் துணிவையே கேட்டார். இதை நான் அடிக்கடி நினைப்பேன். எங்கள் ஆயர்களுக்கும் போதகர்களுக்கும் இன்றைக்கும் தேவைப்படுவது அதுதான்.

மோசேயின் கதை உங்களுக்குத் தெரியும். சண்டைக் கதை கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. ஆனால் அந்தக் கதையில் என் கண்ணுக்குப் படுவது சண்டை அல்ல. மோசே கை தூக்கிச் செபிக்கிறார், கை உளைகிறது. பெரிய தலைவர்தான், கடவுளோடு பேசியவர்தான், ஆனாலும் கை உளைகிறது. ஆரோனும் கூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை இருத்தி, இரு பக்கமும் நின்று அந்தக் கைகளைத் தாங்குகிறார்கள். கை உளையாத தலைவர் இல்லை. கல் கொண்டுவந்து வைக்கத்தான் ஆள் வேண்டும்.

செபித்தால் எல்லாம் கிடைத்துவிடுமா?

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிடைப்பதில்லை.

திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரத்தில் பேதுரு சிறையில் இருக்கிறார். மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாளின் வீட்டில் பலர் கூடி அவருக்காகச் செபிக்கிறார்கள். ஒரு பெண்ணின் வீடு அது. இரவில் பேதுரு விடுதலையாகி வந்து கதவைத் தட்டுகிறார். குரலை அறிந்த வேலைக்காரப் பெண் ரோதை, சந்தோசத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். செபித்துக்கொண்டிருந்தவர்களே அவளை நம்பவில்லை. உனக்குப் பைத்தியம் என்கிறார்கள். எங்கள் வீட்டுச் சங்கதி போல இருக்கும் அந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு வாளால் கொல்லப்படுகிறார். யாக்கோபுக்காக அந்தச் சபை செபிக்காமலா இருந்திருக்கும்? ஒருவர் வந்தார், ஒருவர் வரவில்லை. இரண்டும் ஒரே சபைக்கு நடந்தது. அந்தச் சபை செபத்தை விடவில்லை. என் மகன் கதவைத் தட்டுவான் என்று நான் ஒவ்வொரு இரவும் காது கொடுத்துக்கொண்டு படுக்கிறேன். இன்னும் தட்டவில்லை. ஆனால் தனியாகக் காது கொடுப்பதற்கும், ஏழு பேரோடு சேர்ந்து காது கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை அனுபவித்ததனால் சொல்லுகிறேன்.

எப்படிச் செபிக்கலாம்?

பெயர் சொல்லிச் செபியுங்கள். "எல்லாக் குருக்களுக்காகவும்" என்று சொன்னால் ஒருவரும் நினைவில் நிற்க மாட்டார்கள். உங்கள் பங்குத்தந்தையின் பெயரை, போதகரின் பெயரைச் சொல்லுங்கள். போதகருக்கு மனைவி பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போதகர் வீட்டு அம்மாவின் கஷ்டம் வெளியில் தெரிவதில்லை.

தேவையை அறிந்து செபியுங்கள். சுவாமிக்குச் சீனி வருத்தம் என்றால் அதற்காக. தனிமை, நித்திரையின்மை, குடிப்பழக்கம், கோபம், பெருமை, காசு ஆசை, இவையெல்லாம் அவர்களையும் தீண்டும் சோதனைகள். வீட்டுத்திட்டப் பட்டியலோ உதவிப் பட்டியலோ அவர்கள் கையில் இருந்தால், முகம் பார்க்காமல் நீதியாகச் செய்ய மனம் தரவேண்டுமென்று கேளுங்கள்.

நாளும் நேரமும் வையுங்கள். மாதத்தின் முதல் வியாழனைக் குருக்களுக்காக ஒப்புக்கொடுப்பது கத்தோலிக்கரிடம் பல இடங்களில் உள்ள வழக்கம். ஆகஸ்ட் 4 பங்குக் குருக்களின் பாதுகாவலர் புனித யோன் மரிய வியான்னியின் திருநாள். நேரமில்லாதவர்கள் அரிசி கிளையும்போது, தையல் மெசினில் இருக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லுங்கள். எங்கள் ஏழு பேரில் ஒருவர் கச்சான் வறுக்கும்போதுதான் சொல்லுவார். வறுபடும் நேரத்துக்குள் ஒரு பத்து மணி செபம் முடிந்துவிடும் என்பார்.

சபை வேறுபாடு பார்க்காதீர்கள். எங்களில் ஒருவர் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர். அவர் செபமாலை சொல்லுவதில்லை. தன் சொந்த வார்த்தைகளில் மன்றாடுவார். நாங்கள் ஆமென் சொல்லுவோம். இந்த இதழை வாசிக்கும் சைவச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: முகாமில் ஒரே தறப்பாளின் கீழ் இருந்தபோது உங்கள் ஐயருக்கு நாங்களும், எங்கள் சுவாமிக்கு நீங்களும் கஞ்சி கொடுத்தோம். அது மறக்கக்கூடியதல்ல.

செபத்தோடு கையும் நீள வேண்டும். மீன் குழம்பு வைத்தால் ஒரு கோப்பை அறைவீட்டுக்கும் அனுப்புங்கள். ஒரு நாள் எதையும் கேட்காமல் சும்மா போய் "சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். தண்ணீர் அள்ளும் இடத்தில் அவர்களைப் பற்றி வம்பு வந்தால், உங்கள் வாயில் அது நிற்கட்டும்.

குற்றத்தை மூடும் சீலை அல்ல

ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். தலைவர்களுக்காகச் செபிப்பது என்றால் அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று தலையாட்டுவது அல்ல. என் பங்குத்தந்தை சொன்ன சொல் என்னைக் காயப்படுத்தியது உண்மை. அவர் மன்னிப்புக் கேட்டதும் உண்மை. அவர் செய்தது பிழை என்று இருவரும் ஒப்புக்கொண்டதால்தான் அந்தக் காயம் ஆறியது. மனவருத்தம் இருந்தால் முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொல்லுங்கள். நான் இரண்டு வருடம் வாய் மூடி இருந்தது யாருக்கும் நன்மை செய்யவில்லை.

ஆனால் காயம் வேறு, கொடுமை வேறு. தனித்து வாழும் பெண்ணின் இயலாமையை ஒருவர் தனக்குச் சாதகமாக எடுத்தால், உதவிக்குப் பதிலாக வேறொன்றைக் கேட்டால், ஒரு பிள்ளையில் கை வைத்தால், அவர் அங்கி போட்டவராக இருந்தாலும் வேதப்புத்தகம் தூக்கியவராக இருந்தாலும் மறைக்கக் கூடாது. "சபைக்கு அவமானம்" என்று சொல்லி உங்களை அடக்குபவர்களை நம்பாதீர்கள். பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்களுக்கு அழைக்கலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகத்தில் முறையிடலாம். ஆயருக்கோ சபைத் தலைமைக்கோ அறிவிப்பதும் வேண்டும், ஆனால் அது பொலிசுக்குப் போவதற்குப் பதிலாக ஆகாது. அப்படி ஒன்று நடந்தால் எங்கள் முதல் செபம் காயப்பட்டவருக்கு. பிழை செய்தவர் உண்மைக்கு முன் நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்கான செபம்.

கொப்பியில் ஒரு புதுப் பெயர்

அந்தச் சுவாமி பிறகு இடமாற்றத்தில் போய்விட்டார். போகும் நாளில் சனமெல்லாம் மாலை போட்டு வழியனுப்பியது. வாகனத்தில் ஏறும் முன் என்னிடம் வந்து, என் மகனின் முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டு, அந்த மடித்த தாளில் இருந்து வேறான ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

"இது தாட்ட ஆக்களின்ர தாள் இல்லை அம்மா. இது தேடுற ஆக்களின்ர தாள்" என்றார்.

அவர் இப்போது தூரப் பங்கு ஒன்றில் இருக்கிறார். அவருடைய பெயர் எங்கள் கொப்பியில் அப்படியே இருக்கிறது. என் மகனின் பெயர் அவருடைய தாளில் இருக்கிறது.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உன் கரைச்சல் ஆயிரமும் எனக்குத் தெரியும் பிள்ளை. உன் கடனை இந்தச் செபம் அடைக்காது. அதற்கு வேறு வழி சேர்ந்து பார்ப்போம். ஆனால் எங்கள் சுமையைக் கேட்டுக் கேட்டுக் கை உளைந்த ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவர் விழுந்தால் நாளைக்கு நீ அழுதுகொண்டு போக அங்கே ஆள் இருக்காது. அவரைத் தாங்கும்போது எங்களையும்தான் தாங்குகிறோம்.

சென்ற வியாழன் அவள் மறுபடி வந்தாள். கடைசிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். எங்கள் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் சுவாமியின் பெயரை இன்னும் கொப்பியில் எழுதவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். பேனையை அவளிடம் கொடுத்தேன். அவள் எழுதினாள்.